பேறுகாலத்துக்குப் பின் நாற்பத்திரண்டு நாள்

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கான உபந்நியாசம்)

 

சங்கக் கூட்டமென்றால் கடன், வட்டி, தவணை, உரம், காப்பிக் கொட்டையின் விலை ஆகியவற்றைப் பற்றியே பேச்சு நடப்பது வழக்கம். அவை அவசியமான விஷயங்களே. ஆயினும், ஒரு குடும்பத்தின் க்ஷேமம் களஞ்சியத்தில் மட்டும் அடங்கியிருப்பதன்று. வீட்டின் உள்ளறையிலும் இருக்கிறது. பிள்ளை பெற்ற தாயொருத்தி காய்ச்சலில் விழுந்தால் அவ்வீட்டின் வேலை நின்றுபோகிறது. கடன் தவணை தவறுகிறது. சில வேளைகளில் தாயில்லாப் பிள்ளைகள் மிஞ்சுகின்றனர். ஆகையால், பிரசவத்துக்குப் பிறகு வீட்டில் செய்யப்படும் பணிவிடை, அதைச் செய்யும் மருத்துவச்சிகளின் ஜீவனம், அவ்விரண்டிலும் கூட்டுறவுச் சங்கத்துக்கு உள்ள கடமை ஆகிய மூன்றும் இவ்வுபந்நியாசத்தின் பொருளாகும்.

மலையும் வைத்தியசாலையும்

சேர்வராயன் மலையின் இயல்பை அங்கத்தினர்கள் அறிவார்கள். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பெரிய பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஏற்காட்டை அடைந்த பிறகும் மலையாளிக் குடிகளின் ஊர்களுக்கும் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளுக்கும் செல்ல இன்னும் ஏறியும் இறங்கியும் நடக்கவேண்டியதாகிறது. 1820-களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை இம்மலைக்குக் காப்பிப் பயிரைக் கொண்டுவந்த காலந்தொட்டு, கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் பழம் பறிக்கும் வேலைக்குப் பெண்களின் கைகளே முக்கியமாயிருந்து வருகின்றன. குளிர் மிகுந்த மாதங்களும் அவையே. அக்காலத்தில் பிள்ளை பெறும் தாய்க்கு ஓய்வும் அரிது. சிசுவுக்கு வெப்பமும் அரிது.

முற்காலத்தில் பிரசவம் வீட்டிலேயே நடந்தது. சமவெளிக் கிராமங்களில் மருத்துவர் வகுப்பைச் சேர்ந்த ஸ்திரீகள் தலைமுறை தலைமுறையாக அந்த வேலையைச் செய்தனர். மலையில் அனுபவம் முதிர்ந்த பாட்டிமார் செய்தனர். சென்னையில் 1844-ஆம் வருஷம் பிரசவ வைத்தியசாலை ஏற்பட்டது; அது பின்னர் எழும்பூர் வைத்தியசாலை என்று பேர் பெற்றது. 1926-ஆம் வருஷத்தில் நர்ஸுகளையும் பயிற்சி பெற்ற மருத்துவச்சிகளையும் பதிவு செய்வதற்கான சட்டம் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்டது. சுதந்தரத்துக்குப் பிறகு ஆரம்ப சுகாதார நிலையங்களும், மலைப் பிரதேசங்களில் 3,000 ஜனங்களுக்கு ஒன்று என்ற கணக்கில் துணை நிலையங்களும், கிராம சுகாதார செவிலியர்களும் வந்தனர். 2008-ஆம் வருஷம் 108 ஆம்புலன்ஸ் வண்டி வந்தது.

இவற்றின் பலன் கண்கூடு. 2019-21-இல் நடந்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99-க்கு மேற்பட்ட பிரசவங்கள் வைத்தியசாலைகளில் நடந்தன. 2018-20-இல் லக்ஷம் பிரசவங்களுக்கு 54 தாய்மார் இறந்தனர். அதே காலத்தில் இந்தியா முழுவதற்கும் அந்தக் கணக்கு 97. வைத்தியசாலைக்குப் போகவேண்டாமென்று எவரேனும் சொன்னால் அவர் தாய்மாரின் நண்பரல்லர். அதில் இரண்டு அபிப்பிராயங்களுக்கு இடமில்லை.

மிஞ்சியிருக்கும் வேலை

ஆயினும் வைத்தியசாலை பிரசவத்தை ஏற்றுக்கொண்டதேயன்றி, பேறுகாலம் முழுவதையும் ஏற்றுக்கொள்ளவில்லை. சிக்கலின்றிப் பிரசவித்த தாய் சில நாட்களில் வீடு திரும்புகிறாள். பேறுகாலமோ ஆறு வாரம், அதாவது 42 நாள். உதிரம் படிப்படியாக நிற்பதும், கர்ப்பப்பை சுருங்கிப் பழைய நிலையை அடைவதும், தாய்ப்பால் நன்கு ஊறி நிலைப்பதும், தொப்புள் உதிர்ந்து ஆறுவதும் இந்நாட்களிலேயே நடைபெறுகின்றன. பிறந்து ஒரு மாதத்துக்குள் இறக்கும் சிசுக்களில் ஏறக்குறைய முக்கால் பங்கு முதல் வாரத்திலேயே இறக்கின்றன என்று உலக சுகாதார ஸ்தாபனத்தார் கூறுகின்றனர். முதல் வாரத்தின் பெரும்பகுதியைத் தாயும் சேயும் வீட்டிலே கழிக்கின்றனர் என்பதை அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டும்.

அந்த வாரத்தில் யார் அவளருகே இருப்பது? முன்பு மருத்துவச்சி இருந்தாள். பிள்ளையை ஏந்தியதற்கு அவள் பெற்ற கூலி சிறிது. பத்து நாள், பதினாறு நாள் வந்து தாய்க்கு வெந்நீர் ஊற்றி, பிள்ளையைக் குளிப்பாட்டி, துணி துவைத்துக் கொடுத்ததற்கே நெல்லும், பழந்துணியும், வெற்றிலை பாக்கும் கிடைத்தன. அவள் கை இல்லாமல் ஊரில் எவரும் பிறக்கவில்லை. ஆயினும் தீட்டுக்காரி என்று அவளைத் திண்ணைக்கு வெளியே நிறுத்தினார்கள். அந்த அநீதியை மறைத்துவிட்டு அவள் சேவையை மட்டும் புகழ்வது நேர்மையாகாது.

பிரசவம் வைத்தியசாலைக்குப் போனதும் அவள் தொழிலின் தலைப்பாகம் போயிற்று. மகள் தாயின் தொழிலைக் கற்கவில்லை. கூட்டுக்குடும்பங்களும் பிரிந்தன, மாமியாரும் நாத்தனாரும் கூலி வேலைக்குச் செல்லுகின்றனர். ஆக, தாய் வீடு திரும்பிய பின் அவளைப் பார்ப்பதற்கு அநுபவமுள்ள கை குறைந்துவிட்டது.

நகரத்தின் அழைப்பு

இதே சமயத்தில் நகரங்களில் வேறொரு மாறுதல் நிகழ்கின்றது. கணவனும் மனைவியும் உத்தியோகம் பார்க்கும் வீடுகளில், பிள்ளை பெற்றவளைப் பார்த்துக்கொள்ளத் தாயார் ஊரிலிருந்து வர முடிவதில்லை. ஆகையால் பணம் கொடுத்து ஆள் வைக்கின்றனர். பம்பாய், தில்லி முதலிய பட்டணங்களில் இவ்வேலை செய்பவரை ஜாப்பாக்காரி என்று அழைக்கின்றனர். சென்னை போன்ற நகரங்களில் இதற்கென்றே தனியார் ஏஜென்ஸிகள் நடைபெறுகின்றன. முன்னர் பிரசவம் பார்த்தவர்களும், நர்ஸ் பயிற்சி பெற்றவர்களும், ஒரு பயிற்சியும் இல்லாதவர்களும் ஒன்றாக இவ்வேலையில் புகுகின்றனர்.

மருத்துவச்சிகள் வீடுகளில் சென்று ஊதியம் பெறுவது தவறன்று; நியாயமே. நெல் மரக்காலுக்கும் பழந்துணிக்கும் பதிலாகப் பணக்கூலி பெறுவது அவர்களுக்குக் கௌரவமுமாகும். ஆனால் ஒவ்வொருத்தியும் தனித்தனியே தரகர் கையில் சிக்கிச் செல்லும்போது மூவருக்குத் தீங்கு நேரக்கூடும்.

முதலாவது, வேலை செய்பவளுக்கு. வேலை நேரம் இன்னதென்று எழுதப்படாவிட்டால் பகலும் இரவும் அவளுடையதாகாது. பிள்ளையைப் பார்க்கச் சென்றவள் வீட்டார் அனைவரின் பாத்திரங்களையும் துலக்கும் நிலை வரலாம். தனியே வீட்டில் தங்கும் ஸ்திரீக்கு மானத்துக்கும் பாதுகாப்பு வேண்டும். 2013-ஆம் வருஷத்தில் வேலைத்தலங்களில் ஸ்திரீகளைப் பாதுகாக்க இயற்றப்பட்ட சட்டம் வீட்டு வேலை செய்வோருக்கும் பொருந்தும் என்பதும், தமிழ்நாட்டில் வீட்டு வேலை செய்வோருக்கு 2007-இல் ஒரு நல வாரியம் அமைக்கப்பட்டது என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, அவள் பார்க்கும் தாய்க்கும் சேய்க்கும். கை ராசி இருந்தால் போதும் என்ற காலம் போயிற்று. மேற்சொன்ன கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூறு பிரசவங்களில் ஏறக்குறைய 45 அறுவைச் சிகிச்சையால் நடந்தவை. பழைய மருத்துவச்சிக்குத் தையல் போட்ட வயிற்றை அறியச் சந்தர்ப்பமில்லை. வயிற்றை அழுத்திப் பிடித்துத் துணி கட்டும் பழக்கம் அந்தத் தாய்க்குத் தீங்காகலாம்.

மூன்றாவது, மலையிலுள்ள தாய்மாருக்கு. கையறிந்த பெண்கள் அனைவரும் சேலத்துக்கும் சென்னைக்கும் இறங்கிவிட்டால், மலையிலே பிள்ளை பெறுபவளை யார் பார்ப்பது? பணமுள்ள வீட்டுக்குப் பணிவிடையும், பணமில்லாத வீட்டுக்கு வெறுங்கையும் என்றாகிவிடும். இந்த மூன்றாவது தீங்கே பெரிது. தனியாள் ஒருவரால் தடுக்க முடியாததும் அதுவே.

பிற இடங்களில் செய்திருப்பது

இக்கஷ்டம் சேர்வராயன் மலைக்கு மட்டும் உரியதன்று. மற்ற தேசத்தாரும் இதைக் கண்டிருக்கின்றனர்.

சேலம் ஜில்லாவிலிருந்தும் ஜனங்கள் கூலி வேலைக்குக் கப்பலேறிச் சென்ற மலேயா நாட்டை முதலில் பார்க்கலாம். அங்கே கிராமத்து மருத்துவச்சியைப் பீடான் கம்போங் என்பர். பிரசவத்துக்குப் பின் ஏறக்குறைய 44 நாள் தாய்க்குப் பத்தியமும் ஓய்வும் அளிப்பது மலாய்க்காரர் வழக்கம். 1966-ஆம் வருஷத்து மருத்துவச்சிகள் சட்டத்தின் கீழ் அந்தப் பழைய மருத்துவச்சிகளின் பேர்களும் பதிவு செய்யப்பட்டன. சர்க்கார் அவர்களைப் பகைக்கவில்லை. பிரசவம் பார்ப்பது பயிற்சி பெற்றவர்களிடம் படிப்படியாகச் சென்றது; உடம்பு பிடித்துவிடுவதும் பேறுகாலப் பணிவிடையும் பழைய மருத்துவச்சிகளிடம் நின்றன. 2007 முதல் அந்நாட்டுச் சர்க்கார் வைத்தியசாலைகள் சிலவற்றிலேயே பேறுகாலத்து உடம்புபிடிச் சிகிச்சை அளிக்கப்பட்டது. பழைய கையைத் தள்ளிவிடாமல் வேறு இடத்தில் அமர்த்தியது இதிலுள்ள பாடம்.

ஐரோப்பாவில் ஹாலந்து தேசத்தில் பேறுகால உதவிக்காரி தாயின் வீட்டுக்கே வருகிறாள். ஏறக்குறைய எட்டு நாள் வருவது வழக்கம். குறைந்தது 24 மணி நேரமும், அதிகமாக 80 மணி நேரமும் அவ்வுதவி கிடைக்கும். செலவின் பெரும்பகுதியை இன்ஷூரன்ஸ் ஏற்கிறது. முன்காலத்தில் அங்கேயும் பயிற்சியில்லாத ஸ்திரீகளே வீடு வீடாகச் சென்று இவ்வேலையைச் செய்தனர். பின்னர் சிலுவைச் சங்கங்கள் என்ற ஸ்தாபனங்கள், 1875-இல் வெண் சிலுவைச் சங்கமும் 1900-இல் பச்சைச் சிலுவைச் சங்கமுமாகத் தோன்றி, அங்கத்தினர் செலுத்திய சந்தாவைக் கொண்டு வீடுகளில் நோயாளிகளுக்கும் தாய்மாருக்கும் பணிவிடை அளிப்பதில் பெரும்பங்கு கொண்டன. சந்தா செலுத்தி ஒருவருக்கொருவர் உதவுவது கூட்டுறவின் உயிர்நிலை அன்றோ!

இந்தியாவிலேயே இரண்டு திருஷ்டாந்தங்கள் உண்டு. மகாராஷ்டிரத்தில் கட்சிரோலி ஜில்லாவில் டாக்டர் அபய் பங், டாக்டர் ராணி பங் தம்பதிகள் 1986-இல் ஒரு ஸ்தாபனத்தை ஆரம்பித்தனர். அதிகம் படிக்காத கிராமத்துப் பெண்களுக்குச் சிசுவைப் பார்க்கும் முறையைக் கற்பித்து 39 கிராமங்களில் வீடு வீடாகச் செல்லச் செய்தனர். அவ்வேற்பாடு இல்லாத கிராமங்களோடு ஒப்பிடும்போது, மூன்றாவது வருஷத்தில் ஒரு மாதத்துக்குட்பட்ட சிசுக்களின் மரணம் நூற்றுக்கு 62 பங்கு குறைந்தது என்பது 1999-இல் லான்செட் என்ற வைத்தியப் பத்திரிகையில் வெளியாயிற்று. இதைத் தழுவி 2011 முதல் ஆஷா பணியாளர் வீட்டுக்குச் சென்று சிசுவைப் பார்க்கும் திட்டம் தேசமெங்கும் ஏற்பட்டது. வைத்தியசாலையில் பிறந்த சிசுவை 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் பார்க்கவேண்டுமென்பது அதன் விதி.

மற்றொன்று கூர்ஜர தேசத்தில் ஆமதாபாத் நகரத்தது. 1972-இல் ஏலா பட் அம்மையார் ஆரம்பித்த சேவா சங்கத்தின் ஸ்திரீகள், 1990-இல் லோக் ஸ்வாஸ்த்ய என்ற ஆரோக்கியக் கூட்டுறவுச் சங்கத்தைப் பதிவு செய்தனர். மருத்துவச்சிகளும் சுகாதாரப் பணிப்பெண்களுமே அதன் பங்குதாரர். குறைந்த விலைக்கு மருந்து விற்கும் கடைகளையும் அச்சங்கத்தார் நடத்திவந்தனர். எழுத்தறியாத மருத்துவச்சி ஒரு சங்கத்தின் பங்குதாரராகி, நிர்வாகத்தில் வாக்களிக்க முடியும் என்பதை அந்தச் சங்கம் மெய்ப்பித்தது.

சங்கம் செய்யவேண்டியது

மேற்கண்டவற்றிலிருந்து சேர்வராயன் மலைக்கு ஏற்றதோர் ஏற்பாட்டைக் கூறலாம். மலைப் பிரதேசங்களுக்கென்று பெரும் பலநோக்கு மலைவாழ் மக்கள் கூட்டுறவுச் சங்கங்கள் தமிழ்நாட்டில் உண்டு. பலநோக்கு என்று பேர் வைத்த பிறகு தாயும் சேயும் அந்நோக்கங்களில் ஒன்றாவதற்குத் தடையென்ன? துணைவிதிகளில் இடமில்லையென்றால், பொதுச் சபையில் தீர்மானம் நிறைவேற்றித் திருத்தத்தைப் பதிவாளரின் அங்கீகாரத்துக்கு அனுப்பலாம்.

1. ஒவ்வோர் ஊரிலும் பிரசவம் பார்த்துப் பழகியவர்கள், சிசுவைக் குளிப்பாட்டத் தெரிந்தவர்கள், பயிற்சி பெற்றும் வேலையில்லாதிருப்பவர்கள் ஆகிய ஸ்திரீகளின் ஜாபிதாவைத் தயாரிக்க வேண்டும். அவர்களைச் சங்கத்தின் பங்குதாரராக்க வேண்டும்.

2. ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரையும் செவிலியரையும் கேட்டுக்கொண்டு அவர்களுக்குப் பயிற்சி அளிக்க வேண்டும். பயிற்சி முடிந்தவருக்கு மட்டுமே சங்கத்தின் அடையாளச் சீட்டு. இவர்கள் பேறுகால உதவிக்காரிகளே. ஊசி போடுவதும், மருந்து கொடுப்பதும், பிரசவம் பார்ப்பதும் இவர்களுடைய வேலையன்று. நர்ஸ், மருத்துவச்சி என்ற பட்டங்களைச் சட்டப்படி பதிவு பெற்றவரே வைத்துக்கொள்ளலாம்.

3. நகரத்து வீட்டார் வேலைக்காரியோடு பேரம் பேசாமல் சங்கத்தோடு எழுத்து மூலமான உடன்படிக்கை செய்துகொள்ள வேண்டும். வேலை இன்னது, நேரம் இவ்வளவு, இரவில் ஓய்வு இத்தனை மணி, படுக்க இடம் எது, வீட்டார் உண்ணும் உணவே அவளுக்கும் உணவு என்பவை அதில் இருக்க வேண்டும். பணம் சங்கத்தின் கணக்கில் வர வேண்டும். சங்கம் வேலை முடிந்த வாரத்துக்குள் அவளுக்குக் கொடுக்க வேண்டும்.

4. நகரத்து வருமானத்தில் ஒரு பங்கு மலைத் தாய்மார் நிதியாக ஒதுக்கப்பட வேண்டும். இவ்வேற்பாட்டின் உயிர்நாடி இதுவே. நகரத்துக்குச் செல்லும் ஒவ்வோர் உதவிக்காரியும் வருஷத்தில் சில பேறுகாலங்களையேனும் தன் மலையிலேயே பார்க்க வேண்டும் என்பதும் விதியாயிருக்கட்டும்.

கணக்கு நடக்கும் விதத்தை ஓர் உதாரணத்தால் காட்டலாம். தொகைகள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. உண்மையான விகிதத்தை அந்தந்தச் சங்கமே நிர்ணயிக்க வேண்டும். நகரத்து வீடொன்றில் 14 நாள் வேலை, நாளுக்கு 800 ரூபாய் என்றால் மொத்தம் 11,200 ரூபாய். அதில் ஐந்தில் நான்கு பங்கு, 8,960 ரூபாய், உதவிக்காரிக்கு. மீதி 2,240 ரூபாயில் பாதியாகிய 1,120 ரூபாய் மலைத் தாய்மார் நிதிக்கு. 560 ரூபாய் அவளுடைய பேரிலேயே நோய்க்கால வைப்பாக. எஞ்சிய 560 ரூபாய் பயிற்சி, சோப்பு, எழுத்துச் செலவு ஆகியவற்றுக்கு.

இனி மலையிலுள்ள தாயைக் கவனிக்கலாம். அவள் வீட்டுக்கு உதவிக்காரி பத்து முறை செல்வதற்கு முறைக்கு 200 ரூபாய் வீதம் 2,000 ரூபாய் ஆகும். நிதியிலிருந்து 1,120 ரூபாய் வருகிறது. வீட்டார் கொடுக்கவேண்டியது 880 ரூபாய். கர்ப்பம் தெரிந்தது முதல் மாதம் 110 ரூபாய் வீதம் எட்டு மாதம் சங்கத்தில் பேறுகாலச் சேமிப்பு வைத்தால் அத்தொகை சேர்ந்துவிடும். ஆக, சேலத்தில் ஒரு வீட்டில் செய்த வேலை, மலையில் ஒரு தாயின் பணிவிடைச் செலவில் பாதிக்கு மேல் தாங்கிவிடுகிறது. தரகர் எடுப்பது தரகரோடு போய்விடும். சங்கம் எடுப்பது ஊருக்கே திரும்பிவரும்.

இத்துடன், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் பெயரால் சர்க்கார் அளிக்கும் மகப்பேறு உதவியை ஒவ்வொரு தகுதியுள்ள தாயும் பெறும்படி சங்கத்துக் காரியதரிசி பார்க்க வேண்டும். 1987-இல் ஆரம்பித்த அத்திட்டத்தில் 2018 முதல் 14,000 ரூபாய் ரொக்கமும் 4,000 ரூபாய் மதிப்புள்ள போஷாக்குப் பொருள்களும் நிர்ணயிக்கப்பட்டன. அந்தப் பணம் தாய் உண்பதற்கும் ஓய்வெடுப்பதற்கும் வருவது. பழைய கடனில் வரவு வைப்பதற்கு வருவதன்று. சங்கத்தாரே அதைக் கடனுக்குப் பிடித்துக்கொண்டால் வேலியே பயிரை மேய்ந்ததாகும்.

உதவிக்காரி அறியவேண்டியவை

முதற்பாடம் கை கழுவுதல். 1847-ஆம் வருஷத்தில் வியன்னா நகரத்துப் பெரிய வைத்தியசாலையில் ஸெம்மல்வைஸ் என்ற டாக்டர் ஒரு விசித்திரத்தைக் கண்டார். மருத்துவச்சிகள் பார்த்த பிரிவைக் காட்டிலும் டாக்டர்களும் மாணவர்களும் பார்த்த பிரிவில் தாய்மார் அதிகமாகப் பேறுகாலக் காய்ச்சலால் இறந்தனர். பிணங்களை அறுத்துச் சோதித்த கையோடு பிரசவ அறைக்குள் வந்ததே காரணமென்று அறிந்து, குளோரின் கலந்த நீரில் கை கழுவச் செய்தார். மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. படித்தவர் கையாயினும் படியாதவர் கையாயினும் அழுக்குக் கை கொல்லும். சோப்பிட்டுக் கழுவிய கை காக்கும்.

பிறந்து ஒரு நாள் ஆகும்வரை சிசுவைக் குளிப்பாட்டலாகாது. மலைக் குளிரில் தாயின் மார்போடு தோல் படும்படி அணைத்து, மேலே துணி போர்த்துவதே சிறந்த கணப்பாகும். அறையில் புகை மூட்டுவது சிசுவின் மூச்சுக்கு ஆகாது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் தொடங்கி, ஆறு மாதம் வரை அது ஒன்றே ஆகாரம். சேனை வைப்பதும், சர்க்கரைத் தண்ணீரும், கழுதைப் பாலும் வேண்டாம். தொப்புளில் சாம்பலோ எண்ணெயோ வைக்கலாகாது. உலர்ந்திருக்க விட வேண்டும். குளிப்பாட்டும்போது மூக்கில் ஊதுவதும் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதும் கூடாது.

பழக்கமெல்லாம் கெட்டதென்று தள்ளவும் வேண்டாம். தாய்க்கு வெந்நீர், பூண்டு, முருங்கைக்கீரை, உறக்கம் இவை நல்லவை. பத்தியத்தின் பேரால் தண்ணீரையும் பருப்பையும் முட்டையையும் குறைப்பதே தவறு. பால் கொடுப்பவளுக்கு அவை அதிகமாக வேண்டும்.

அபாயக் குறிகளை அவள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். தாய்க்கு உதிரம் பெருகித் துணி அடிக்கடி நனைதல், காய்ச்சல், துர்நாற்றம், கடுமையான தலைவலி, கண் மங்கல், வலிப்பு, மூச்சுத் திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும். சிசு பால் குடிக்காமை, உடம்பு சில்லிடுதல் அல்லது சுடுதல், நிமிஷத்துக்கு 60-க்கு மேற்பட்ட மூச்சு, மார்பு உள்ளே குழிதல், வலிப்பு, உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளாதல், தொப்புளைச் சுற்றிச் சிவத்தல். இவற்றில் ஒன்று கண்டாலும் மந்திரிப்பதற்கோ விடிவதற்கோ காத்திராமல் 108-க்குச் சொல்லி வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும். தாய் ஓயாமல் அழுதாலும், உறங்காமல் பிள்ளையை வெறுத்துப் பேசினாலும், பேய் பிடித்ததென்று அடிக்கலாகாது. அதுவும் பேறுகாலத்தில் வரும் நோயே, சிகிச்சையால் தீரக்கூடியதே.

சில ஆக்ஷேபணைகள்

இத்தகைய ஏற்பாட்டுக்கு ஆக்ஷேபணைகள் எழுவது இயல்பு. எங்கள் வீட்டுப் பெரியவள் பார்த்துக்கொள்வாள், காசு கொடுத்து ஆள் எதற்கு என்பர் சிலர். பெரியவள் இருக்கும் வீட்டில் அவளையே துணையாகக் கொள்ளலாம். உதவிக்காரி அவளுடைய இடத்தைப் பிடுங்க வருபவளல்லள். ஆனால் பெரியவளும் தோட்டத்தில் பழம் பறிக்கப் போகும் வீடுகளை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கிராம சுகாதார செவிலியரும், மலைப் பிரதேசங்களில் ஆஷா பணியாளரும் இருக்கும்போது இது ஏன் என்பர் வேறு சிலர். அவர்கள் வந்து பார்த்துச் செல்பவர்கள். உடனிருந்து வெந்நீர் வைப்பவர்களல்லர். பல ஊர்களுக்கு ஒருவராயிருக்கும் அவர்களுக்கு வீட்டினுள்ளே பழகிய கண்ணொன்று இருப்பது பலமே. உதவிக்காரி கண்டதை அவர்களிடம் சொல்ல வேண்டும். அவர்கள் சொல்வதை வீட்டில் நிறைவேற்ற வேண்டும்.

தீட்டு வேலைக்குச் சங்கத்தின் பேரைக் கொடுப்பதா என்று மூன்றாவதாக முணுமுணுப்பவரும் இருக்கலாம். அவர்களுக்கு ஒரே பதில் போதும். அவர்கள் இவ்வுலகுக்கு வந்தபோது முதலில் தொட்ட கை ஒரு மருத்துவச்சியின் கையே. அந்தக் கையைத் திண்ணையில் நிறுத்தியவர்கள், இன்று சங்கத்தின் மேஜையருகே நாற்காலி போட்டு உட்காரவைப்பது தருமமன்று. நெடுநாளாக நிலுவையிலிருக்கும் கடனை அடைப்பதாகும்.

முடிவுரை

பெரிய திட்டங்களுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த பொதுச் சபைக்கு முன் மூன்று காரியங்களைச் செய்தால் போதும். ஒவ்வோர் ஊர் அங்கத்தினரும் தம் ஊரில் கையறிந்த ஸ்திரீகளின் பேர்களை எழுதிக்கொண்டு வரட்டும். அடுத்த ஆறு மாதங்களில் பிரசவிக்க இருக்கும் தாய்மாரின் தொகையைச் செவிலியரிடம் கேட்டு அறியட்டும். பேறுகாலச் சேமிப்புக்கென்று தனி லெட்ஜர் ஒன்றைக் காரியதரிசி திறந்து வைக்கட்டும். பேர்களும் தொகையும் லெட்ஜரும் ஒரே மேஜைமேல் வந்துவிட்டால் மற்றவற்றைப் பொதுச் சபை தீர்மானித்துக்கொள்ளும்.

விதைக்கும் எருவுக்கும் ஒன்றுகூடிக் கடன் வாங்கத் தெரிந்த ஜனங்களுக்கு, தாயையும் சேயையும் காக்க ஒன்றுகூடுவது புதிய வித்தையன்று. மருத்துவச்சிகள் நகரத்துக்குச் செல்வதைத் தடுக்க ஒருவராலும் ஆகாது, தடுக்கவும் வேண்டாம். அவர்கள் சங்கத்தின் சீட்டோடு மதிப்பாகச் சென்று, உழைத்த கூலியை முழுமையாகப் பெற்று, மலைத் தாய்க்கும் ஒரு பங்கைக் கொண்டு திரும்பும்படி வழிசெய்வதே கூட்டுறவாளரின் கடமை. வரும் மார்கழிக் குளிருக்குள் ஒரு சங்கமேனும் இதைத் தொடங்குமாயின், பழம் பறிக்கும் காலத்தில் பிறக்கும் சிசுக்கள் அதன் பலனை முதலில் அடையும்.